மேகக் கணினியின் வாயிலுக்கு வாடகை எவ்வளவு?

'கேட்வே' என்ற சொல்லைக் கேட்டதும் சிவாஜிநகர் வணிகர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது பேமெண்ட் கேட்வேதான். கமர்ஷியல் தெருவிலோ, இப்ராகிம் சாகிப் தெருவிலோ, நாராயண பிள்ளை தெருவிலோ கடை வைத்திருப்பவர் அதன் கணக்கை நன்கு அறிவார். வாடிக்கையாளர் கிரெடிட் கார்டால் ஆயிரம் ரூபாய் செலுத்தினால் அதில் ஒரு சிறு விழுக்காடு கழிந்து மீதி கணக்கில் வரவாகும். யுபிஐ, ரூபே டெபிட் கார்டு ஆகியவற்றுக்கு 2020 ஜனவரி 1 முதல் அந்தக் கழிவும் இல்லை. விற்றால் கட்டணம், விற்காவிட்டால் இல்லை என்பது அதன் நியதி.

அதே வணிகர் தமக்கென ஓர் இணையக் கடையைத் தொடங்கி, அதை மேகக் கணினியில், அதாவது 'கிளவுட்' சேவையில், நிறுவும்போது வேறொரு கேட்வே அவருடைய செலவுக் கணக்கில் இடம்பெறுகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் இதுவும் விற்பனையைச் சார்ந்த கட்டணம் என்று எண்ணிவிடுவது இயல்பு. ஆனால் இந்த வாயிலுக்கு ரூபாய் தெரியாது, விற்பனையும் தெரியாது. எத்தனை மணி நேரம் திறந்திருந்தோம், எவ்வளவு தரவு நம் வழியே கடந்தது என்ற இரண்டை மட்டுமே அது எண்ணுகிறது. கடைக்கு ஒரு ஆர்டரும் வராத மாதத்திலும் அதன் கட்டணம் வந்து சேரும். இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதையும், எந்த இடத்தில் பணம் வீணாகக் கசிகிறது என்பதையும் இங்கே பார்ப்போம்.

முதலில் வாயிலின் வேலையைப் புரிந்துகொள்வோம். கடையின் முன்பகுதியில் வாடிக்கையாளர் வந்து போகிறார்கள். பின்னால் தெருவுக்குக் கதவில்லாத கிடங்கு ஒன்று இருக்கிறது. கணக்குப் புத்தகமும் சரக்கும் அங்கேதான். இணையக் கடையிலும் இவ்வாறே வாடிக்கையாளர் விவரங்களும் கணக்குகளும் அடங்கிய கணினியை வெளியார் எட்ட முடியாத உள்ளறையில் வைப்பது பாதுகாப்பான வழக்கம். ஆனால் உள்ளே இருக்கும் கணினிக்கு வெளியே போகவேண்டிய வேலை உண்டு. கூரியர் நிறுவனத்திற்குச் செய்தி அனுப்ப வேண்டும். வாடிக்கையாளருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் சேவையைத் தொடர்புகொள்ள வேண்டும். மென்பொருள் புதுப்பிப்புகளைத் தருவிக்க வேண்டும். உள்ளிருப்பவர் வெளியே போய் வரலாம், வெளியார் தாமாக உள்ளே நுழைய முடியாது என்ற ஒழுங்குடன் ஒரு வாயிலை அமைத்துத் தருவதே 'நாட் கேட்வே' என்னும் சேவை. உள்ளறைக் கணினிகளின் முகவரிகளை மறைத்து, வெளியுலகுக்குத் தன் முகவரி ஒன்றை மட்டும் காட்டுவதால் அதற்கு முகவரி மாற்றும் வாயில் என்று பொருள்.

கடையின் முன்வாசலுக்கு இணையானது வேறு ஒன்று. அதற்கு 'இன்டர்நெட் கேட்வே' என்று பெயர். அமேசான் வெப் சர்வீசஸ் நிறுவனத்தில் அந்த முன்வாசலுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. வெளியே செல்லும் தரவுக்கு மட்டுமே விலை. ஆகவே பட்டியலில் 'கேட்வே' என்று கண்டவுடன் அஞ்ச வேண்டியதில்லை. எந்த வாயில் என்று பார்க்க வேண்டும்.

கட்டணத்தின் அமைப்பு நமக்குப் புதிதன்று. பெஸ்காம் அனுப்பும் மின்கட்டணச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஒப்புதல் பெற்ற மின்சுமைக்கு ஒரு நிலைக்கட்டணமும், பயன்படுத்திய யூனிட்டுகளுக்கு ஒரு கட்டணமும் அதில் இருக்கும். கடையை மாதம் முழுவதும் பூட்டி வைத்தாலும் முதல் பகுதி வந்தே தீரும். மின்சாரத்திற்கு இவ்வாறு இரு பகுதிகளாக விலை வைக்கும் முறையை 1892-ஆம் ஆண்டில் முன்வைத்தவர் ஜான் ஹாப்கின்சன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர். வாடிக்கையாளர் விளக்கை ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும், அவருக்காக இயந்திரத்தையும் கம்பியையும் ஆயத்தமாக வைத்திருப்பதற்கே ஒரு செலவு உண்டு என்பது அவருடைய வாதம். சிவசமுத்திரத்திலிருந்து பெங்களூருக்கு மின்சாரம் வந்த 1905-க்கு அது பதின்மூன்று ஆண்டுகள் முந்தையது. மேக வாயிலின் விலையும் அதே வாதத்தின் மேல் நிற்கிறது. ஆயத்தமாக நிற்பதற்கு மணிக்கட்டணம். கடந்து செல்லும் தரவுக்கு எடைக்கட்டணம்.

மின்சாரத்திற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. மின்கட்டணத்தை ஓர் ஒழுங்குமுறை ஆணையம் பொது விசாரணை நடத்தி நிர்ணயிக்கிறது. மேக வாயிலின் விலையை விற்பவரே நிர்ணயிக்கிறார், அதுவும் டாலரில்.

எண்களுக்கு வருவோம். பெங்களூரில் இருப்பவர்கள் பலரும் அமேசானின் மும்பை மையத்தையே பயன்படுத்துகிறார்கள்; அது 2016 ஜூனில் தொடங்கியது. அம்மையத்தில் நாட் கேட்வேயின் விலை மணிக்கு 0.056 டாலர், அதன் வழியே கடக்கும் ஒவ்வொரு ஜிகாபைட் தரவுக்கும் 0.056 டாலர். அமெரிக்காவின் வர்ஜீனியா மையத்தில் இவ்விரண்டும் 0.045 டாலர்தான். ஒரே சேவைக்கு இடத்துக்கு இடம் விலை மாறும் என்பதையும், விலைப்பட்டியல் அவ்வப்போது திருத்தப்படும் என்பதையும் மனத்தில் கொண்டு, ஒப்பந்தம் செய்யும் நாளில் நிறுவனத்தின் பட்டியலைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கணக்கு வசதிக்காக ஒரு டாலரை 85 ரூபாய் என்று கொள்வோம். அப்போது மணிக்கு 4 ரூபாய் 76 காசு. தேநீர் விலைகூட இல்லை. ஆனால் ஒரு மாதத்திற்குச் சராசரியாக 730 மணி நேரம், பெருக்கினால் 40.88 டாலர், அதாவது ஏறக்குறைய 3,475 ரூபாய். இதுவே நிலைக்கட்டணம். கடை இரவில் உறங்கும்போதும் வாயில் உறங்குவதில்லை. கணினியை நிறுத்திவிட்டால் வாயிலும் நின்றுவிடும் என்று நினைப்பது தவறு. வாயிலைத் தனியாக நீக்கினால்தான் கட்டணம் நிற்கும். ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடம் மட்டுமே வைத்திருந்தாலும் முழு மணி நேரமாகவே கணக்கிடப்படும்.

வாயிலுக்கு வெளியுலகில் ஒரு முகவரி வேண்டும். பழைய வகை இணைய முகவரிகள், அதாவது ஐபிவி4 முகவரிகள், உலகெங்கும் தட்டுப்பாடாகிவிட்டன. அதனால் 2024 பிப்ரவரி 1 முதல் பொது முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர் வீதம் அமேசான் கட்டணம் வாங்குகிறது. மாதத்திற்கு 3.65 டாலர், சுமார் 310 ரூபாய். வாயிலை நீக்கிய பிறகும் இம்முகவரி கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை விடுவிக்கும்வரை அதற்கான கட்டணமும் தொடரும். சிறு தொகைதான். ஆயினும் மூடிய கடையின் பெயர்ப்பலகைக்கு வாடகை செலுத்துவதைப் போன்றது அது.

இனி எடைக்கட்டணம். கவனக்குறைவு மிகுதியாக நேர்வது இங்கேதான். இணையத்திலிருந்து மேகக் கணினிக்குள் வரும் தரவு இலவசம் என்று விளம்பரங்களில் படித்திருப்போம், அது உண்மை. ஆனால் அந்தத் தரவு நாட் கேட்வே வழியாக வந்தால், வரவு இலவசமாக இருந்தாலும் வாயில் தன் எடைக்கூலியை வாங்கிக்கொள்ளும். போவதற்கும் கூலி, வருவதற்கும் கூலி. வெளியே போகும் தரவுக்கோ இரட்டைச் செலவு. வாயிற்கூலி ஒன்று, இணையத்திற்கு அனுப்புவதற்கான கட்டணம் மற்றொன்று. மும்பையிலிருந்து இணையத்திற்குச் செல்லும் தரவுக்கு மாதத்தின் முதல் 100 ஜிகாபைட் இலவசம். அதன்பின் தொடக்கப் படிநிலையில் ஜிகாபைட்டுக்கு 0.1093 டாலர்.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். சிவாஜிநகரில் ஓர் ஆயத்த ஆடைக் கடை. இணையத்திலும் விற்பனை உண்டு. கற்பனைக் கடைதான், ஆனால் கணக்கு நடைமுறையானது. அதன் உள்ளறைக் கணினி கூரியர், குறுஞ்செய்தி, புதுப்பிப்புகள் ஆகியவற்றுக்காக மாதம் 100 ஜிகாபைட் தரவை வாயில் வழியே தருவிக்கிறது என்று கொள்வோம். அதோடு நாள்தோறும் இரவில் ஆடைப் படங்களையும் கணக்குகளையும் பிரதியெடுத்து, அதே நிறுவனத்தின் 'எஸ்3' என்னும் சேமிப்புக் கிடங்குக்கு அனுப்புகிறது. ஓர் இரவுக்கு 50 ஜிகாபைட், மாதத்திற்கு 1,500.

நிலைக்கட்டணம் 40.88 டாலர். முகவரிக்கு 3.65. மொத்தம் 1,600 ஜிகாபைட்டுக்கு எடைக்கட்டணம் 89.60. ஆக 134.13 டாலர், ரூபாயில் ஏறக்குறைய 11,401. இதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 2,052 ரூபாய். கூட்டினால் 13,453 ரூபாய். கணினியின் வாடகையும் சேமிப்புக் கிடங்கின் வாடகையும் இதில் அடங்கவில்லை. இது வாயிலுக்கு மட்டும்.

எடைக்கட்டணத்தின் பெரும்பகுதி பிரதியெடுப்பால் வருகிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்தப் பிரதி எங்கே போகிறது? அதே நிறுவனத்தின், அதே மும்பை மையத்தில் உள்ள கிடங்குக்கு. உள்ளறையிலிருந்து பக்கத்து அறைக்குப் போகவேண்டிய மூட்டையைத் தெருவழியே தூக்கிச் சென்று வாயிற்காவலரிடம் எடைபோட்டுக் கூலி கொடுப்பது போன்றது இது. பக்கத்து அறைக்கு ஒரு பக்கக்கதவு வைத்துக்கொள்ள வழியுண்டு. அதன் பெயர் 'கேட்வே எண்ட்பாயிண்ட்'. எஸ்3 கிடங்குக்கும், 'டைனமோடிபி' என்னும் தரவுத்தளத்துக்கும் இது கிடைக்கிறது. இதற்கு மணிக்கட்டணமும் இல்லை, எடைக்கட்டணமும் இல்லை. அமைப்பது சில நிமிட வேலை. ஆனால் அது தானாக அமைவதில்லை, கேட்டால்தான் அமையும்.

பக்கக்கதவை வைத்தபின் நம் கடையின் கணக்கு என்னவாகும்? எடைக்கட்டணம் 100 ஜிகாபைட்டுக்கு மட்டும், அதாவது 5.60 டாலர். மொத்தம் 50.13 டாலர், ஜிஎஸ்டியுடன் 5,028 ரூபாய். மாதம் 8,425 ரூபாய் மிச்சம். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டுகிறது. சிறிய கடைக்கு இது ஓர் உதவியாளரின் சில மாதச் சம்பளம். இத்தனைக்கும் கடையின் வேலையில் எதுவும் குறையவில்லை.

பெயரில் மயங்காதிருக்க ஓர் எச்சரிக்கை. எண்ட்பாயிண்ட் என்ற பெயரிலேயே 'இன்டர்ஃபேஸ் எண்ட்பாயிண்ட்' என்ற இன்னொரு வகையும் உண்டு. எஸ்3, டைனமோடிபி தவிர்த்த பல சேவைகளுக்கு அதுவே வழி. அதற்கு மணிக்கட்டணமும் எடைக்கட்டணமும் உண்டு. எடைக்கட்டணம் நாட் கேட்வேயைவிடக் குறைவு. தரவு மிகுதியாக இருந்தால் அது ஆதாயம்; சிறிதளவே இருந்தால் மணிக்கட்டணம் ஆதாயத்தை விழுங்கிவிடும். இதைக் கணக்கிட்டே முடிவு செய்ய வேண்டும்.

மற்ற நிறுவனங்களிலும் அமைப்பு ஏறத்தாழ இதுவே. மைக்ரோசாஃப்டின் அஷுர் மணிக்கு 0.045 டாலரும் ஜிகாபைட்டுக்கு 0.045 டாலரும் வாங்குகிறது. கூகுள் சற்று வேறு வழியில் செல்கிறது. வாயிலைப் பயன்படுத்தும் கணினி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.0014 டாலர்; கணினிகள் 32-ஐத் தாண்டினால் 0.044 டாலர் என்ற உச்சவரம்பு. ஒன்றிரண்டு கணினிகளே வைத்திருக்கும் சிறு கடைக்குக் கூகுளின் நிலைக்கட்டணம் மிகக் குறைவாக அமையும் என்பது இதிலிருந்து விளங்கும். எடைக்கட்டணம் அங்கும் 0.045 டாலர். எனினும் வாயிற்கட்டணத்தை மட்டும் பார்த்து நிறுவனம் மாறுவது அறிவுடைமையாகாது. மற்றச் செலவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாற விரும்புவோருக்கு ஒரு நற்செய்தி: நிறுவனத்தை விட்டு முழுவதுமாக வெளியேறும் வாடிக்கையாளரிடம் தரவை எடுத்துச்செல்லக் கட்டணம் வாங்குவதில்லை என்று கூகுள் 2024 ஜனவரியிலும், அமேசானும் மைக்ரோசாஃப்டும் அதே ஆண்டு மார்ச்சிலும் அறிவித்தன. முன்னதாக விண்ணப்பித்து ஒப்புதல் பெறுவது அவசியம்.

பாதுகாப்புக்காக இரண்டு வாயில்கள் வைக்கச் சொல்லும் தொழில்நுட்ப வல்லுநர்களும் உண்டு. ஒரு மையத்திற்குள் தனித்தனி மண்டலங்கள் இருக்கும்; ஒன்று பழுதானாலும் மற்றொன்று இயங்கும் என்பது அவர்கள் கருத்து. சரியான கருத்தே. ஆனால் நிலைக்கட்டணம் இரட்டிக்கும். மாதம் 6,950 ரூபாய், வரி தனி. நாள் முழுவதும் இடையறாது இயங்கவேண்டிய மருத்துவமனைக்கும் நிதி நிறுவனத்துக்கும் அது தேவை. கூரியர் செய்தி இரண்டு மணி நேரம் தாமதமானால் பெரிய இழப்பில்லாத துணிக்கடைக்கு அது தேவையா என்பதை வல்லுநரன்று, உரிமையாளரே தீர்மானிக்க வேண்டும்.

இனி வங்கிக் கணக்கோடு நேரடியாகத் தொடர்புடைய செய்திகளுக்கு வருவோம்.

அமேசானின் இந்திய நிறுவனம் ரூபாயில் விலைச்சீட்டு வழங்குகிறது; ஆயினும் அடிப்படை விலை டாலரில் இருப்பதால் செலாவணி விகிதத்தின் ஏற்ற இறக்கம் வாடிக்கையாளரையே சாரும். மும்பை மையம் தொடங்கிய 2016 ஜூனில் ஒரு டாலர் சுமார் 67 ரூபாய். அது 85 ரூபாயாகும்போது, நிறுவனம் ஒரு சென்ட்கூட உயர்த்தாத நிலையிலும் நம் செலவு கால் பங்குக்குமேல் உயர்ந்துவிடுகிறது. ஆண்டுத் திட்டம் போடும்போது இதற்கென ஒரு தொகையை ஒதுக்கி வைப்பது நலம். வெளிநாட்டு நிறுவனத்திடம் நேரடியாக டாலரில் வாங்கி கிரெடிட் கார்டில் செலுத்தினால், செலாவணி மாற்றுக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் சேரும்.

ஜிஎஸ்டி பதிவு பெற்ற வணிகர், தம் பதிவெண்ணை மேகக் கணினிக் கணக்கில் பதிந்து வைத்தால்தான் செலுத்திய 18 விழுக்காட்டை உள்ளீட்டு வரி வரவாகப் பெற முடியும். கணக்கைத் தொடங்கித் தந்த மென்பொருள் இளைஞரின் பெயரிலேயே விலைச்சீட்டு வந்துகொண்டிருந்தால் அந்த வரவு கைநழுவும். நம் எடுத்துக்காட்டில் அது மாதம் 2,052 ரூபாய். இணக்கமுறைத் திட்டத்தில், அதாவது காம்போசிஷன் திட்டத்தில், உள்ளவர்களுக்கு இவ்வரவு கிடையாது. அவர்களுக்கு வரியும் செலவே.

அடுத்து, கார்டிலிருந்து மாதந்தோறும் தானாகப் பற்று வைக்கும் ஏற்பாடு. ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி, பற்று வைப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே உங்களுக்கு அறிவிப்பு வரவேண்டும். தொகை 15,000 ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் மறு ஒப்புதல் தேவையில்லை. அதைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி போன்ற கூடுதல் ஒப்புதல் தேவை. 2022 ஜூனில்தான் இவ்வரம்பு 5,000-லிருந்து 15,000 ஆக உயர்த்தப்பட்டது. வாயிலுக்கே 13,453 ரூபாய் ஆகும் நம் கடையில் கணினி வாடகையும் சேர்ந்தால் வரம்பு எளிதில் தாண்டிவிடும். தானாகச் செலுத்தப்படும் என்று நம்பி இருந்துவிட்டால் தொகை நிலுவையாகும். நிலுவை நீண்டால் சேவை இடைநிறுத்தப்படலாம். பண்டிகைக் காலத்தில், தரவும் விற்பனையும் ஒருங்கே பெருகும் மாதத்தில்தான் இது நேர வாய்ப்பு மிகுதி. 24 மணி நேர அறிவிப்பு வரும் கைப்பேசி எண் உங்களுடையதா, ஊழியருடையதா என்பதைப் பார்த்துவையுங்கள்.

அந்த விதி வணிகருக்குத் தொல்லை என்று சொல்வோர் உண்டு. எங்கள் பார்வையில் அது ஒரு வேகத்தடை. எதிர்பாராத பெருந்தொகை ஒன்று நள்ளிரவில் சத்தமின்றி கணக்கை விட்டு வெளியேறாமல் அது தடுக்கிறது.

மேகக் கணினி நிறுவனங்களும் செலவு எச்சரிக்கை வசதியைத் தருகின்றன. மாத வரம்பாக ஒரு தொகையைக் குறித்து வைத்தால், அதன் 50 விழுக்காட்டிலும் 80 விழுக்காட்டிலும் மின்னஞ்சல் வருமாறு அமைக்கலாம். ஆனால் இது எச்சரிக்கை மட்டுமே. செலவை நிறுத்தும் சாவி அன்று. கணக்கும் சில மணி நேரம் பின்தங்கியே புதுப்பிக்கப்படும். ஆகையால் வரம்பைச் சற்றுக் குறைவாகவே குறித்து வையுங்கள்.

விலைச்சீட்டில் இச்செலவைத் தேடுவோர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். நாட் கேட்வேயின் கட்டணம் வலையமைப்புத் தலைப்பின்கீழ் வருவதில்லை. அமேசானில் அது 'ஈசி2' என்னும் கணினி வாடகைப் பிரிவுக்குள் இருக்கும். செலவு ஆய்வுத் திரையில் 'ஈசி2-அதர்' என்ற பெயரில் ஒளிந்திருக்கும். அதைத் திறந்தால் 'நாட்கேட்வே-ஹவர்ஸ்', 'நாட்கேட்வே-பைட்ஸ்' என்ற இரண்டு வரிகள் தென்படும். முதல் வரியின் எண்ணிக்கை ஒரு வாயிலுக்கு 744 மணி நேரத்தைத் தாண்டினால் ஒன்றுக்கு மேற்பட்ட வாயில்கள் திறந்திருக்கின்றன என்று பொருள். இரண்டாவது வரி முதல் வரியைவிடப் பெரிதாக இருந்தால், பக்கக்கதவு வைக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் தொழில்நுட்பப் பணியாளரிடம் அன்றைக்கே கேளுங்கள்.